இன்னும் ஒரே சுற்று

இருவர் பந்தயம் அது. தொடர்ந்து மூன்று சுற்று முன்னால் ஓடினால்தான் வெற்றி. ஆனால் பின்தங்கிய காருக்கு ‘முந்தும் உதவி’ என்ற கருவி வேகம் கூட்டிவிடும். அதனால் காலையில் தொடங்கியது மாலையாகியும் முடியவில்லை. கூட்டத்துக்குக் கொண்டாட்டம். ஒரு காரை ஓட்டிய சுகந்திக்கோ பால் கட்டி மார்பு வலித்தது. ஓய்வறையில் குழந்தை புட்டிப்பாலைத் தொடாமல் அழுவதாகக் கணவன் காதுக்கருவியில் சொன்னான்.

தொடர்ந்து இரண்டு சுற்று முன்னால் ஓடிவிட்டாள். பின்னால் வந்த போட்டியாளர் சென்னியப்பனிடம் காதுக்கருவியிலேயே கெஞ்சினாள்.

“அண்ணா, இந்த ஒரு சுத்துக்கு உதவிய அணைச்சிருங்க. பாப்பா பசியில அழுகுதுங்ண்ணா.”

“மத்தியானமே அணைச்சுட்டேன் கண்ணு. பிரேக்கும் மிதிச்சுட்டுத்தான் இருக்கறேன். வண்டி கேக்க மாட்டீங்குது.”

சுவர்போல் சரிந்து நின்ற வளைவில் அவர் கார் அவளை முந்தியது. ஸ்டியரிங்கைத் தொடாமல் அவர் இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார்.