கடைசி ரீல்

"அவர் பேச்சு அடங்கறதுக்குள்ள, அந்தப் பையன் என்ன ஆனான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க ஆன்ட்டி. ப்ளீஸ்."

சண்முகப்ரியா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். கட்டிலில் தொண்ணூற்றாறு வயது எமில் ஹேபர்லே எலும்பும் தோலுமாகக் கிடந்தார். அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரின் முதியோர் இல்லத்தில், ஜன்னலுக்கு வெளியே காலையிலிருந்து ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் கேட்ட பையன் நிஜப் பையன் இல்லை. 1924இல் பெர்லினில் ஹேபர்லே எழுதி டைரக்ட் பண்ணிய பேசாப் படத்தில் வருகிறவன். போருக்குப் போன மகன் வருவான் என்று ஒரு தாய், கொட்டும் பனியில் தினமும் ரயில் நிலையத்துக்குப் போய் நிற்கிறாள். வந்தானா இல்லையா என்பது கடைசி ரீலோடு தொலைந்துவிட்டது.

வந்தான் என்று ஒரு கோஷ்டியும் வரவில்லை என்று ஒரு கோஷ்டியும் எழுபது வருஷமாகப் புத்தகம் எழுதிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தில் வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பவர் இவர் ஒருவர்தான். சண்முகப்ரியாவின் ஆராய்ச்சியே அந்த முடிவை நம்பித்தான் நின்றது.

திங்கட்கிழமைக்குள் அதைப் பற்றிய அத்தியாயம் புரபசரிடம் போய்ச் சேராவிட்டால் பட்டமும் இல்லை, விசாவும் இல்லை. "சினிமா பாக்கறதுக்கு எதுக்கும்மா அமெரிக்கா?" என்று கேட்ட ஈரோட்டு அப்பா, கையில் ஜாதகத்தோடு காத்திருந்தார்.

போன வாரம் வரை ஹேபர்லே இங்கிலீஷில் வெளுத்துக் கட்டினார். கேமரா, லைட், நடிகையோடு போட்ட சண்டை எல்லாம் வரும். முடிவைக் கேட்டால் மட்டும், "சொல்லிவிட்டால் நீ அப்புறம் வரமாட்டாயே" என்று கண்ணடிப்பார். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த வாரம் வருவாள்.

நேற்று வந்த பக்கவாதம் அந்த இங்கிலீஷை அப்படியே துடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது சின்ன வயதில் ஊரில் பேசிய ஜெர்மன், அதுவும் குழறல். இரண்டு செமஸ்டர் படித்த அவளுடைய ஜெர்மன் அதற்கு முன்னால் செல்லாக்காசு.

நல்ல வேளையாகப் பத்மராணி ஆன்ட்டி இருந்தார். அந்த இல்லத்து நர்ஸ். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்தபோது ஸ்டுட்கார்ட்டில் ஆறு வருஷம் இருந்தவர். ஹேபர்லேக்கும் அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். "என்ர மகன் வந்து சேரட்டும், பெரிய வீடா எடுக்கோணும்" என்று ஆன்ட்டி அடிக்கடி சொல்வார். எப்போது வருகிறான் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பத்மராணி குனிந்து, கிழவரின் காதோடு ஜெர்மனில் கேட்டார். கோணிய உதடு அசைந்து முனகலாக ஏதோ வந்தது. இன்னொரு தரம் கேட்டார். திரும்பவும் அதே முனகல்.

"என்ன சொல்றார் ஆன்ட்டி?"

"கொஞ்சம் பொறும் பிள்ளை."

பத்மராணி டிராயரைத் திறந்து கம்பளி சாக்ஸ் எடுத்தார். கிழவரின் கால்களில் நிதானமாக மாட்டி, போர்வையை இழுத்துச் செருகினார். இங்கே ஒருத்திக்கு உயிர் போகிறது, இந்த நர்ஸ்களுக்கு எந்த நேரத்தில் எதைச் செய்வது என்றே தெரியாதா என்று சண்முகப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதை விட்டா எனக்கு வேற வழியே இல்ல ஆன்ட்டி." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பத்மராணி அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

"மகன் வாறான். ரெயிலால கடைசி ஆளா இறங்குறான். தாய் அவன்ர முகத்தைப் பாக்கேல்ல, காலைத்தான் பாக்கிறா. செருப்பில்ல. முழங்கால் வரைக்கும் புழுதி."

"அப்புறம்?"

"எங்க போனனி எண்டு ஒண்டும் கேக்கேல்ல. வீட்டை கூட்டிக்கொண்டு போறா. வாசல்ல நிப்பாட்டி, வாளியில தண்ணி கொண்டு வந்து, தன்ர கையால காலைக் கழுவி விடுறா. கழுவினாப் பிறகுதான் உள்ள கூப்பிடுறா. அவ்வளவுதான்."

இத்தனை பெரிய மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட முடிவு இப்போது சண்முகப்ரியாவின் கையில். ஆன்ட்டியைக் கட்டிக்கொண்டுவிட்டு, லாபியில் இருந்த பே ஃபோனுக்கு ஓடினாள்.

புரபசர் முழுவதும் கேட்டார். பிரமாதம் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒன்றுதான் புரியவில்லை, அத்தனை பனியில் எதற்காக வாசலில் நிறுத்திக் காலைக் கழுவ வேண்டும் என்று கேட்டார்.

"வெளியே போய்விட்டு வந்தால் காலைக் கழுவிவிட்டுத்தானே வீட்டுக்குள்..." என்று இங்கிலீஷில் ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். ஈரோட்டு வீட்டு வாசல் குழாய் கண் முன்னால் வந்தது. பெர்லினில் யார் அப்படிச் செய்வார்கள்? அதைக் கேட்க அவளுக்கு ஏன் தோன்றவே இல்லை?

ரிசீவரை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

போர்வை இப்போது ஹேபர்லேயின் முகத்தையும் மூடியிருந்தது. பத்மராணி கட்டில் ஓரமாக உட்கார்ந்து, சாக்ஸ் போட்ட அந்தக் கால்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, நிஜமா அவர் என்ன சொன்னார்?"

பத்மராணி நிமிரவில்லை.

"கால் குளிருது எண்டு சொன்னவர், பிள்ளை."