கழுத்துப் படம்

"கட்டத்தைப் பின்மண்டையிலேர்ந்து ஆரம்பிச்சியா?" என்றார் கணவர்.

"ஆரம்பிச்சாச்சுங்க," என்றாள் அவள், படமெடுக்கும் இடத்தைக் குறிக்கும் கட்டத்தைத் திரையில் தெரிந்த கழுத்தின் மேல் மவுஸால் இழுத்தபடி.

ஸ்கேன் அறையில் அவர் சீனியர், அவள் ஜூனியர். வீட்டில் அவள் காரை ரிவர்ஸ் எடுத்தாலும் இதே குரல்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட ‘நல்லா செஞ்சே’ என்று அந்த வாயில் வந்ததில்லை.

இன்றைய நோயாளிக்கு உட்கார்ந்தால் தலை பிளந்தது, படுத்தால் விட்டுவிட்டது. தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீர் எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

"கழுத்தோட நிறுத்திடாதே. மேல்முதுகும் வரணும்."

"வந்தாச்சு."

"எச்சில் விழுங்கினா படம் கலங்கும். திரையில தொண்டை மேல தடுப்புப் பட்டை போட்டியா?"

"அதுவும் போட்டாச்சு. எல்லாம் தயார். நோயாளிதான் வாயை மூட மாட்டேங்கறார்."

கண்ணாடிக்கு அப்பால், இயந்திரத்துக்குள் மல்லாந்து படுத்து மைக் வழியே பேசிக்கொண்டிருந்த கணவர் கப்சிப் ஆனார்.

படங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் நேராகக் கணவர் படுத்திருந்த ஸ்ட்ரெச்சர் அருகே வந்தார்.

"கசியற இடம் பளிச்சுனு தெரியுது. சரிபண்ணிடலாம். உள்ளே படுத்துக்கிட்டே நீங்கதான் எல்லாம் சொல்லிக் கொடுத்தீங்களாமே?"

"நான் எங்க சார் சொன்னேன்?" என்றார் அவர், வராந்தாவுக்கே கேட்கும்படி. "எல்லாம் என் பொண்டாட்டி வேலை. என்னை வாயைத் திறக்கவே விடலை."