சத்தம் போடாத சொட்டு

நீலவேணியும் பொற்கிளியும் ஒரே அச்சில் வார்த்த, ஜன்னல் வைத்த சிறு அறையுள்ள பழைய பாய்மரப் படகுகள். பக்கத்துப் பக்கத்தில் கட்டிக் கிடந்தன. கரையில் அவற்றின் சொந்தக்காரர்கள் படகுப் பேச்சில் இருந்தார்கள்.

"புயலுக்கே அசராது. ஆனா ஜன்னல் ஒழுகும்," என்றார் பொற்கிளிக்காரர்.

"என்னுதுல ஒரு குறையும் கிடையாது," என்றார் நீலவேணிக்காரர்.

நீலவேணிக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியாடி, உன் மானம் போச்சு."

"உள்ளதைத்தானேக்கா சொன்னாரு," என்றது பொற்கிளி.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பொற்கிளிக்காரர் ஓடிவந்து ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டினார். நீலவேணிக்காரரிடமும் தார்ப்பாய் இருந்தது. நாலு பேர் பார்க்க அதை எப்படி எடுப்பார்? படகின் அறைக்குள் போய், சொட்டுகிற இடத்தில் குண்டானை வைத்து, சத்தம் வெளியே கேட்காமலிருக்கத் தன் துண்டை அதற்குள் மடித்துப் போட்டார். நீலவேணிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அக்கா, உள்ளே நனையலையே?"

"இல்லடி," என்றது நீலவேணி, மெல்ல.

அதற்குள் துண்டு ஊறிப்போய், குண்டான் டொக் டொக்கென்று பேச ஆரம்பித்தது.