பழைய பட்டியல் பத்திரம்

"சேமிக்க... முடிய...வில்லை... பழைய பட்டியல்... பத்திரம்..."

எல்லோரும் 'மிமிக்ரி' என்று கூப்பிடும் புரோகிராமர் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேச, ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையே சிரிப்பில் குலுங்கியது. எதிர் நாற்காலியில், அவன் 'ஆமை' என்று பட்டப்பெயர் வைத்த பெண் தலை நிமிரவில்லை.

அவள் எழுதிய புரோகிராம் அப்படித்தான். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்ற பட்டியலைச் சேமிக்கச் சொன்னால், முதலில் தனியாக ஒரு நகல் எழுதும். முழுசாக வந்திருக்கிறதா என்று பார்க்கும். அப்புறம்தான் பழையது இருந்த இடத்தில் அதை ஒரே நொடியில் வைக்கும். நடுவில் ஒரு கோளாறு என்றால் நகலைத் தூக்கி எறிந்துவிட்டு, சிவப்பு எழுத்தில் அப்படி ஒப்புக்கொள்ளும்.

"காத்திருந்தே சிஸ்டருக்கெல்லாம் நரை விழுந்துடும்மா," என்றார் மேனேஜர். "நம்ம மிமிக்ரி தம்பி எழுதினதைப் போடு. தொட்டவுடனே 'வெற்றி'ங்குது! நீ அதைச் சரிபார்த்து ஏத்தினா போதும்."

"சரி சார்."

"சரி... சார்..." மிமிக்ரி, அச்சு அசலாக அவள் குரலில்.

மறுநாள் பதினோரு மணி. சிஸ்டர் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"தம்பி, சேமிச்சா 'பழைய பட்டியல் பத்திரம்'னு சிவப்பா வருது! நம்பலாமா? ஆபரேஷன் மேஜையில ஆள் படுத்திருக்கு. எந்த மருந்து ஆகாதுன்னு டாக்டர் கத்துறாரு!"

மிமிக்ரி பார்த்தான். டிஸ்க்கில் ஒரு எழுத்துக்குக்கூட இடமில்லை. அவன் புரோகிராம் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதும். அப்படியானால் இரண்டுமே போச்சு!

ஆனால் சிவப்பு எழுத்து? அவன் அப்படி ஒன்று வைக்கவே இல்லையே!

பட்டியலைத் திறந்தான்.

நானூறு பேர். ஒரு வரி குறையவில்லை.

சிஸ்டர் வேண்டியதைக் குறித்துக்கொண்டு பறந்தாள். மேனேஜர் அவன் முதுகில் தட்டினார். "கில்லாடிடா நீ!"

மிமிக்ரி புரோகிராமைப் பிரித்தான். அவன் எழுதாத பதினேழு வரிகள். எங்கெங்கே கால் வழுக்குமோ அங்கெல்லாம் ஒரு கைப்பிடி. இமைக்க மறந்து படித்தான். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு பெரிய காவலா!

எதிரே ஆமை எதுவும் நடக்காததுபோல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

அந்த வரிகளுக்கு மேலே, யார் என்ன மாற்றினார் என்று சொல்லும் திருத்தக் குறிப்பு இருந்தது. எழுதியவர் என்ற இடத்தில் அவன் பெயர். அதன் கீழே, அச்சு அசலாக அவன் குரல்:

"அய்யய்யோ, பழையதைப் பத்திரப்படுத்த மறந்துட்டேன்பா! ஆமை பார்த்துச் சிரிக்கிறதுக்குள்ள நானே சேர்த்துட்டேன்!"