ராசா போடாத தெரு

"சீ! உவங்களும் மனிசரோ?" என்று சொல்லி, பாதி கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டார் தியாகலிங்கம்.

மங்கையற்கரசிக்குப் பகீரென்றது. வடைக்குள் தலைமயிர் ஏதும் கிடந்ததோ என்று எட்டிப் பார்த்தாள். மனிதரின் கோபம் வடையில் இல்லை, பழைய கொரிய ராசாக்களில் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஊரை விட்டு வந்து மல்வேர்னில் குடியிருக்கும் இந்த வாடகை வீட்டுக்கு மகளைப் பார்க்க வந்த மூன்றாவது சம்பந்தம் இது. மார்க்கம் நகரில் சொந்த வீடு, கம்ப்யூட்டர் வேலையில் மகன், சீதனம் என்று வாய் திறக்காத தகப்பன் இந்தத் தியாகலிங்கம். இப்படி ஓர் இடத்தை இந்தப் பெட்டை சரித்திரம் பேசியே கலைத்துவிடுவாளோ என்று தாய்க்குப் பயம்.

"கம்பஸில என்ன படிக்கிறாய் பிள்ளை?" என்று அவர் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். நிரஞ்சினி விட்டாளா? தான் எழுதும் கட்டுரையை அப்படியே அவிழ்த்துவிட்டாள்.

"நல்ல தெருப் போட்டால் எதிரி சுகமா உள்ள வந்திடுவான் எண்டு பயமாம், அங்கிள். அதால ஒற்றையடிப் பாதையாவே விட்டு வச்சிருக்கினம். அரசாங்கக் குதிரை அதிகாரியளுக்கு மட்டும். ஆம்பிளையள் பேர் வெட்டின மரத்துண்டோட திரியோணும். இல்லாட்டி அடிதான்."

"தூ! சொந்தச் சனத்தையே பட்டியில மாடு மாதிரி அடைச்சு வச்சிருக்கிறாங்கள். கேக்கவே அருவருப்பாக் கிடக்கு."

வேப்பெண்ணெய் குடித்தவர் போல அவர் முகம் சுளித்தது. மங்கையற்கரசிக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. ஊரிலேயே நின்று செல்லடியில், குண்டு விழுந்து செத்துப்போன புருஷனின் படம் சுவரில் இருந்தது. 'இஞ்சாருங்கோ, நல்ல மனிசர்தான்' என்று அதற்கு மனதுக்குள் சொல்லிவைத்தாள்.

தியாகலிங்கம் வடையை மறுபடி எடுத்தார். "அது சரி பிள்ளை, ஊரை விட்டுப் போறவைக்கு ஆர் பிணை?"

"பிணையோ? அப்பிடி ஒண்டும் நான் வாசிக்கேல்லை, அங்கிள்."

"அதுதான் உவங்கள் விட்ட பிழை. குடும்பத்தில ஒராளை நிப்பாட்டிப்போட்டு மற்றாக்களை விட்டுப் பார். போனவை திரும்பி வராமல் விடுவினமே? மரத்துண்டே தேவையில்லை." அவர் குரலில் பழைய மிடுக்கு ஒன்று ஏறியது. "எங்கட ஊரில, வெளிய போறவைக்கு இயக்கம் பாஸ் குடுக்கிற மேசையில தொண்ணூற்றிரண்டில நான்தானே இருந்தனான். ஒருத்தரும் என்னை ஏய்க்கேலாது."

மங்கையற்கரசி எழுந்துவந்து, அவர் முன்னாலிருந்த தட்டைக் கையில் எடுத்தாள்.

"என்ன தங்கச்சி, நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கேல்லையே?"

அவள் சுவரிலிருந்த புருஷனின் படத்தைக் காட்டினாள்.

"அந்த மேசையிலதான் இவரைப் பிணை வச்சிட்டு வந்தனாங்கள், அண்ணை."