சரியாகத் தேடினால்

திருவொற்றியூர் பிரௌசிங் சென்டரில், அப்பா கேட்டதை மதி அப்படியே ஆங்கிலத்தில் தட்டினாள்: 'பவுடர் கம்பெனியில் வேலை பார்த்தால் இருமல் வருமா?'

குப்பையாக ஏதேதோ வந்தது.

"இன்னாம்மா, ஒண்ணும் கெடைக்கலியா?" என்றார் அப்பா பீம்ராவ், இருமிக்கொண்டே.

"முழுக் கேள்வியா கேட்டா வராது நைனா. முக்கியமான வார்த்தைய மட்டும் பிரிச்சி எடுக்கணும்."

ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கான தளத்தைத் திறந்தாள். இருமலுக்குப் பதில் 'நுரையீரல் நோய்' என்றும், பவுடருக்குப் பதில் அப்பாவின் கம்பெனி மூட்டையில் அச்சிட்டிருந்த ரசாயனத்தின் பெயரையும் போட்டாள். நூற்றுக்கணக்கில் வந்தன. 'தொழிலாளர்கள்', 'சென்னை' என்று சேர்த்ததும் ஒரே ஒரு கட்டுரை மிஞ்சியது.

"நைனா, மெட்ராஸ்ல ஒரு கம்பெனி ஆளுங்கள டெஸ்ட் பண்ணி எழுதிகிறாங்க. பாதிப் பேருக்கு நுரையீரல் கெட்டுப்போச்சாம். அந்த வேலைலேந்து அவங்கள ஒடனே மாத்தணும்னு போட்டுகீது. நாலு வருசம் முன்னாடியே!"

"நம்ம மாதிரி ஆளுங்களுக்காக எழுதிகிறாரே, புண்ணியவான். பேரு இன்னா?"

"டாக்டர் சொக்கநாதன்."

பீம்ராவின் முகம் மாறியது.

"எங்க கம்பெனி டாக்டரும்மா. அந்த வருசந்தான் எனக்கு எக்ஸ்ரே எடுத்துட்டு, 'ஒண்ணுமில்ல, பீடிய நிறுத்து'ன்னாரு."

"நீ பீடியே புடிச்சதில்லியே!"

"சொன்னேன். சிரிச்சிகினே, வேலைக்குப் போலாம்னு கையெழுத்து போட்டாரு."