கரண்டு வருவதற்குள்

விளக்கு அணைந்தபோது அந்தத் துளி அவள் கையில் இருந்தது.

கையில் என்றால், கையில் பிடித்திருந்த பிப்பெட்டின் நுனியில்.

அவள் அசையவில்லை.

ஆய்வகத்தில் எரிந்துகொண்டிருந்த ஒரே சிவப்பு பல்பும் போய்விட்டது. ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியவளே அவள்தான். வெளியே உச்சி வெயில். உள்ளே தன் விரல்கூடத் தெரியவில்லை. ரத்த செல்கள் இருக்கும் குழாய் எதிரே எங்கேயோ ஐஸில் நிற்கிறது. தடவிப் போனால் தட்டிவிடும்.

பதினான்கு மாதம். மூன்று முறை கெட்டு, நாலாவது முறை தேறியது. மிச்சம் இந்த ஒரு துளி.

காசநோய்க் கிருமியின் மேலுறையில் இருக்கும் சர்க்கரைக் கொழுப்பு அது. அதில் அவள் ஒரு கொக்கி வைத்திருந்தாள். சிவப்பு தவிர வேறு வெளிச்சம் பட்டால் கொக்கி பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். கிருமி நம் செல்லில் எதைத் தொடுகிறது என்று அப்படித்தான் தெரியவரும்.

ஒரு தடவைதான் பிடிக்கும். செல்லோடு சேரும் முன்பே வெளிச்சம் பட்டால், வெறும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வீணாய்ப் போகும்.

டக். டக்.

"கரண்டு போயிட்டுதா மேடம்?"

ஐஸ் கொண்டுவந்துவிட்டு உள்ளேயே நின்ற அட்டெண்டர் செபஸ்தியான். கதவோரம் நின்று டியூப் லைட் ஸ்விட்சைத் தட்டிப் பார்க்கிறார். கரண்டு போனால் ஸ்விட்சைத் தட்டிப் பார்க்காத மனிதர் இந்த ஊரில் உண்டா?

"தொடாதீங்கண்ணே! எத்தனை தடவை தட்டுனீங்க?"

"ரெண்டு... மூணு இருக்குமோ?"

இரண்டு என்றால் தப்பித்தாள். மூன்று என்றால், கதவுக்கு மேலே இருக்கும் அந்த டியூப் லைட் இப்போது ஆனில் இருக்கிறது.

"ஆஃப் பண்ணிருங்கண்ணே."

"இந்த போர்டுல பாதி ஸ்விட்சு தலைகீழால்லா மாட்டியிருக்கு. கரண்டு வந்தா தெரிஞ்சுரும் மேடம்."

அவளுக்கு அழுகை வந்தது.

"வெளிச்சம் வந்தா என் பதினாலு மாசமும் போச்சுண்ணே."



கீழே ஜெனரேட்டர் இருமியது. நின்றது. மறுபடி இருமியது.

இருட்டில் ஸ்டூல் இழுபடும் சத்தம். உட்காரப் போகிறார்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிப்பெட்டை நட்டமாகப் பிடித்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பி, அதை உடம்பால் மறைத்துக் குனிந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.

ஃபிரிட்ஜ் உறுமியது. ஏசி ஒருமுறை கீச்சிட்டது.

கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தாள்.

சிவப்பு. சிவப்பு மட்டும்தான்.

துளியைக் குழாயில் இறக்கி, மூடி, அலுமினியத் தாளால் சுற்றினாள்.

இரண்டு தடவைதான் தட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள்.

செபஸ்தியான் ஸ்டூல்மேல் நின்றிருந்தார். கழற்றிய டியூப் லைட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"இறங்கட்டுமா மேடம்?"